அழுத இடம்: பூர்த்தி செய்க

“நீங்க எந்த இடத்துல அழுதீங்க?”

உலகம் தோன்றியது முதல் மனிதர் மனிதரிடம் கேட்ட கேள்விகளில் இதைவிட உயர்ந்தது இல்லை. அதுவும் ஒரு தையல் நிறுவனத்தின் முதலாளி, தன் தொழிலாளியிடம், அச்சடித்த படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது.

கேட்கப்பட்டவர் காலரக்கா. பதினோரு வருடமாகச் சட்டைகளுக்குக் காலர் தைப்பதால் கிடைத்த பட்டம். படிவத்தில் ‘அழுத இடம்’ என்பதற்கு எதிரே அவர் கோடு போட்டிருந்தார். ‘அழுத நேரம் (நிமிடங்களில்)’, அதற்கும் கோடு.

முதலாளி கருணைக் கடல். ஒரு தையல்காரியின் துயரத்தைச் சொல்லும் படம் வந்து, நாயகிக்கு விருதும் கிடைத்த உடனே, கூடத்திலுள்ள நாற்பது பெண்களையும் அழைத்துப் போய்க் காட்டினார். அவர்களுடைய வார விடுமுறையிலேயே காட்டினார். இன்று ‘உணர்வுப் பகிர்வுக் கூட்டம்’. அதற்காக அவருடைய சுழல் நாற்காலியைத் தையல் கூடத்துக்கே உருட்டி வந்திருந்தார்கள்.

“எனக்குப் படம் பிடிக்கல சார்.”

இயந்திரங்கள் நின்றன. பக்கத்து முக்காலியிலிருந்த பட்டன்காரி கிசுகிசுத்தாள்: “ஐயோ அக்கா, சும்மா ரெண்டு நிமிஷம்னு போடுங்களேன். நான் பதினாலு போட்டேன். கொட்டாவி விட்டாலும் கண்ணுல தண்ணி வருதுல்ல!”

“விருது வாங்கின படம்மா!” என்றார் முதலாளி. “முக்காலியில உக்காந்து ஒன்பது நிமிஷம், ஒரே காட்சி, தைச்சுக்கிட்டே இருக்காங்க. அதுவுமா பிடிக்கல?”

“அந்தப் பொண்ணு பாதத்தை இறக்கவே இல்ல சார்.”

“கால் தரையிலதானே இருந்துச்சு?”

“அவ பாதம் இல்ல சார், மிஷின்ல துணியை அமுக்குற பாதம். ஊசிக்குப் பக்கத்துல தூக்கியே நிக்குது. ஒன்பது நிமிஷத்துல ஒரு தையல்கூட விழல. நான் அப்படித் தைச்சா மிஷினை விட்டே எழுப்பிருவீங்க.”

முதலாளி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அக்கா தைத்த காலர், விறைப்பாக நின்றது.

“கலையைப் பாதத்துல பார்க்கக் கூடாதும்மா, முகத்துல பார்க்கணும். அந்த முதுகுவலியை எப்படிக் காட்டினாங்க!”

“அதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன்.”

அக்கா மருத்துவரின் சீட்டை நீட்டினார். சாய்மானம் இல்லாமல் இனி உட்காரக் கூடாது, மீறினால் கால் மரத்துப்போகும் என்று எழுதியிருந்தது.

“முதுகு சாயிற மாதிரி ஒரு நாற்காலி. அது இல்லாட்டி என்னால வேலைக்கு வர முடியாது சார்.”

முதலாளி நன்றாகச் சாய்ந்துகொண்டு யோசித்தார். சாய்ந்தால்தான் அவருக்குப் பரிவு சுரக்கும்.

“இந்த முக்காலிக்கு இப்ப உலகமே கைதட்டுது. இதை எடுத்துட்டு நாற்காலி போட்டா அந்தக் கலைஞருக்கு அவமரியாதை. முன்னாடியே கேட்டிருக்கலாமேம்மா?”

“போன வருஷமே கேட்டேன் சார்.”

“அப்ப படம் வரலையேம்மா!”

சீட்டின் மூலையில் ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா பட்டன்காரியைப் பார்த்தார். அவள் ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமானாள். அக்கா தன் கத்தரிக்கோலைப் பையில் போட்டார். இடுப்பில் ஒரு கையை ஊன்றி, மெதுவாக எழுந்து, வாசலை நோக்கி நடந்தார்.

“பாருங்க, பாருங்க!” முதலாளியின் கண்கள் கலங்கின. “ஒரு வசனம் இல்ல, எல்லாம் முகத்துலயே! அந்தப் படத்தோட தாக்கம்!”

முதலில் அவர் கைதட்டினார். பிறகு முப்பத்தொன்பது பேரும் தட்டினார்கள். தட்டாதவர்களிடம் விளக்கம் கேட்கப்படும் அல்லவா.

கைதட்டல் ஓய்வதற்குள் அக்கா படியிறங்கிப் போய்விட்டார்.