இரண்டு வால் கேபிளும் ஏழுமலை பெரியப்பாவும்

சந்தேகப்படுவதுதான் என் உத்தியோகம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். யாராவது போல்ட் சாம்பிள் கொண்டுவந்தால், சாம்பிள் ஏன் இவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்று கேட்பேன். பளபளப்பு இல்லாவிட்டால், சாம்பிளே இப்படி என்றால் சரக்கு எப்படி இருக்கும் என்று கேட்பேன். (இரண்டிலும் தப்ப முடியாது. அதுதான் என் திறமை.) கம்பெனியில் இதற்குப் பாராட்டு கிடைத்தது. ஆனால் அடையாள அட்டையைக் கழற்றி பையில் போடுகிற மாதிரி இந்தக் குணத்தைக் கழற்றிப் போட முடியாது. அது கம்பெனி பஸ்ஸில் என்னுடனேயே ஏறி வீடுவரை வந்துவிடும்.

வீடு வேப்பம்பட்டில். பின்பக்க அறையில் என் 'ஸ்டூடியோ' இருக்கிறது. ஸ்டூடியோ என்று நான் சொல்வேன். என் மாமியார் "துணி காயப்போடுற ரூமு" என்பார். காலேஜ் நாளிலிருந்து வைத்திருக்கும் பழைய கீபோர்டு ஒன்று, புதிதாக வாங்கிய கீபோர்டு ஒன்று, இரண்டையும் சேர்க்கச் சின்ன மிக்சர், ஒரு மைக், ஒரு லேப்டாப். சத்தம் வெளியே போகாமலிருக்கக் கதவில் பழைய மெத்தையைக் கட்டியிருந்தேன். மின்சார ரயில் போகும்போது மட்டும் ரிக்கார்டிங்கை நிறுத்தப் பார்ப்பேன். வேப்பம்பட்டில் ரயில் போகாத நேரம் எது என்று கேட்காதீர்கள்.

என் நாத்தனார் பவித்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு பொன்னேரி, மண்டபம் மீஞ்சூரில். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நுழையும்போது என் மாமனார் எழுதிப் பாடிய பாட்டு ஒலிக்க வேண்டும், அதற்கு நான் மியூசிக் போட வேண்டும் என்று முடிவானது. முடிவு செய்தது நான்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அறையில் நான் என்னதான் செய்கிறேன் என்று என் மாமியாருக்குக் காட்ட வேறு சந்தர்ப்பம் கிடைக்காது.

மிக்சரிலிருந்து லேப்டாப் பக்கம் இருக்கும் சின்னப் பெட்டிக்கு இணைப்புக் கொடுக்கக் கேபிள் தேவைப்பட்டது. திருவள்ளூர் தேரடிப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன்.

"லெஃப்டுக்கு ஒண்ணு, ரைட்டுக்கு ஒண்ணு. ரெண்டு எடுத்துக்கோங்க மேடம்," என்றார் கடைக்காரர்.

அந்த 'ரெண்டு' என் காதில் உடனே உறுத்தியது. ஒன்று கேட்டு வந்தவளிடம் இரண்டு தள்ளுகிற ஆட்களைத் தினமும் பார்க்கிறேனே! கண்ணை மேலே ஓட்டினேன். கொக்கியில் ஒரு கேபிள் தொங்கியது. ஒரு பக்கம் ஒரே தலை, மறுபக்கம் பிரிந்து இரண்டு வால்.

"அது என்னங்க?"

"அது வேற வேலைக்கு மேடம்."

"என்ன வேலைக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது... வேற வேலை."

"இந்தப் பக்கம் மிக்சர்ல ஒண்ணு சொருகினா, அந்தப் பக்கம் லெஃப்ட், ரைட் ரெண்டும் வருது. அப்புறம் எதுக்கு ரெண்டு கேபிள்?"

"எல்லாரும் ரெண்டுதான் மேடம் எடுத்துக்கினு போவாங்க."

"எல்லாரும்னா யாரு?"

என்னுடைய பல சப்ளையர்களின் முகத்தில் பார்த்திருக்கும் அதே களைப்பு அவர் முகத்திலும் வந்தது. அந்தக் களைப்பை நான் வெற்றி என்றே கணக்கு வைத்திருக்கிறேன். இரண்டு வால் கேபிளை எடுத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து வெளியே வந்தேன்.

வீட்டில் மாட்டி, ஹெட்போன் போட்டு வாசித்துப் பார்த்தால்... அடடா! வீணை ஒலியும் வயலின்களும் தலைக்கு வெளியே எங்கோ விரிந்து, இரண்டு தோளுக்கும் அப்பாலிருந்து வருகிற மாதிரி கேட்டது. என் கணவரை இழுத்து வந்து ஹெட்போனை மாட்டினேன். "ஒரு மாதிரி தலை சுத்துதே," என்றார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு மாமாவை உட்கார வைத்துப் பாட வைத்தேன். என் மாமனார் ரிடையரான பஸ் கண்டக்டர். குரல் பஸ்ஸின் கடைசி சீட் வரைக்கும் போகும். அவருக்கு ஹெட்போன் ஆகாது, காது வியர்க்கிறது என்பார். அதனால் நான் மட்டும் மியூசிக்கைக் கேட்டுக்கொண்டு அவருக்குக் கையாலும் வாயாலும் சைகை கொடுத்தேன். ஒரே மூச்சில் முடிந்தது. மியூசிக்கோடு சேர்த்துக் கேட்டேன். எல்லாம் அமர்க்களமாக இருந்தது. மாமாவின் குரலைத் தனியாக ஒருமுறை கேட்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

வரவேற்புக்கு முந்தின நாள் மைக்செட் டில்லி போன் செய்தார். மண்டபத்தின் ஒலி, ஒளி எல்லாம் அவர் பொறுப்பு. சொந்தமாக ஆர்கெஸ்ட்ராவும் வைத்திருந்தார்.

"மேடம், அந்தப் பாட்ட வாட்ஸ்அப்ல அனுப்புனீங்கன்னா ஒருதபா போட்டுப் பாத்துடுவேன்."

போட்டுப் பார்ப்பாராம்! ஆர்கெஸ்ட்ரா வைத்திருப்பவருக்கு என் பாட்டு எதற்கு? பாடுகிற வாய்ப்பை நான் தட்டிப் பறித்துவிட்ட கோபம் வேறு அவருக்கு இருக்கும். (இருந்ததா என்று நான் கேட்கவில்லை. இருந்தே தீரும் என்று முடிவு செய்துகொண்டேன்.) "நாளைக்கு பென் டிரைவ்ல நானே கொண்டு வர்றேன்," என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் மாலை மண்டபம் நிரம்பியிருந்தது. விளக்குகளை அணைத்தார்கள். வாசலில் மெஷின் புகை கக்கியது. வெளிச்சம் பவித்ராவின் மீதும் மாப்பிள்ளை மீதும் விழுந்தது. டில்லி என் பென் டிரைவைச் செருகி, பட்டனை அழுத்தினார்.

ஒன்றும் வரவில்லை.

வீணை வர வேண்டிய இடத்தில் ஒரு கொசு தூரத்தில் ரீங்கரிப்பது போல ஏதோ கேட்டது, அவ்வளவுதான். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு காலை முன்னால் வைத்தபடி சிரித்துக்கொண்டே நின்றார்கள். போட்டோகிராபர் அவர்களை அசையாமல் இருக்கச் சொன்னார். அவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தார்கள்.

"இன்னாடி இது? பாட்டு வருமா, வராதா?" என்றார் மாமியார்.

எனக்குப் புரிந்துவிட்டது. டில்லி வேலையைக் காட்டிவிட்டார்! நாற்காலிகளுக்கு நடுவே ஓடினேன்.

"ஏங்க ஆஃப் பண்ணீங்க?"

"நான் இன்னாத்துக்கு மேடம் ஆஃப் பண்றேன்? ஓடிக்கினுதான் கீது, பாருங்க!"

"ஓடினா சத்தம் எங்க? வேணும்னே பண்றீங்க. எனக்குத் தெரியும்!"

"வேணும்னேவா? ஃபுல்லா ஏத்துறேன், நீங்களே கேளுங்க," என்று அவர் மெஷினில் இருந்த எல்லாவற்றையும் மேலே தள்ளினார். அந்த நேரத்தில்தான் நான்கு பெரிய ஸ்பீக்கர்களிலிருந்தும் என் குரல் வந்தது.

"இல்ல மாமா... இன்னும் இல்ல... இருங்க..."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. ஸ்பீக்கரில் மாமா கனைத்தார். எங்கள் வீட்டு குக்கர் விசில் அடித்தது. வேப்பம்பட்டு ரயில் ஒன்று மண்டபத்தின் குறுக்கே போனது. பிறகு மாமாவின் குரல், ரகசியம் பேசுகிற குரல், இடி மாதிரி வந்தது.

"ஏம்மா, மாப்ள ஊட்டு பெரியப்பா கீறாரே ஏழுமலை, அவரு இன்னாத்துக்கு மண்டபத்தாண்ட வந்து வந்து பாத்துக்கினு போறாரு?"

அதற்கு நான் சொன்ன பதில் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"எனக்கும் அதே சந்தேகம்தான் மாமா. மேடைய வேற கையால தட்டித் தட்டிப் பாத்தாராம். ஆளு சரியில்ல."

"கொறை சொல்றதுக்கு எதுனா தேடுறாரோ?"

"பின்ன? சோத்துல கிடைக்கலன்னா மேடையில கண்டுபிடிப்பாரு. நீங்க உஷாரா இருங்க... ஆங், பாடுங்க மாமா, இப்ப பாடுங்க!"

உடனே மாமா வெண்கலக் குரலில் ஆரம்பித்தார்: "தங்கமான சம்பந்தி... தாங்கிக்கொள்ள வந்தாரே..."

டில்லி பட்டனை அணைத்தார்.

ஏழுமலை பெரியப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். உடம்பும் கிட்டத்தட்ட அந்த அளவு. மாப்பிள்ளை வீட்டில் அவர் சொல்தான் கடைசி சொல். தாலி கட்டுவது மறுநாள் காலை. இன்னும் கட்டவில்லை. பவித்ரா முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா மடியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினார். மாமா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

ஏழுமலை பெரியப்பா மெதுவாக எழுந்தார். நேராக டில்லியிடம் வந்து மைக்கை வாங்கினார். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு கை தூரம்தான். காலில் விழலாமா, ஓடலாமா என்று கால்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். அவை இரண்டும் செய்யவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றார் அவர். "அந்த ஆளு சரியில்லாத ஏழுமலை நான்தாங்க."

யாரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு குழந்தை மட்டும் அழுதது.

"மேடைய தட்டிப் பாத்தது நெசம்தான். பொண்ணு ஊட்டுக்கு சந்தேகம் வராம இன்னா பண்ணும்? வந்துச்சு. சொல்லிடுறேன். கூடப் பொறந்தவங்க நாங்க அஞ்சு பேரு. எழுந்து நில்லுங்கடா." நான்கு பேர் எழுந்தார்கள். ஒவ்வொருவரும் அண்ணனுக்குச் சளைக்காத அகலம். "பையன் கல்யாணத்துல யாருக்கும் சொல்லாம டான்ஸ் ஆடணும்னு பழகி வெச்சிருக்கோம். நாங்க அஞ்சு பேரும் ஒண்ணா குதிச்சா இந்தப் பலகை தாங்குமா, தாங்காதான்னு பாக்க வேணாவா? உள்ள போயிட்டா யாரு தூக்குறது? கிரேனு கூட இல்ல."

முதலில் சிரித்தது அவருடைய மனைவிதான். "டான்ஸா? நீயா?" என்று அவர் கேட்ட கேள்விக்கு மண்டபமே வெடித்துச் சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா தோளிலிருந்து பையை இறக்கினார்.

"மன்னிச்சிடுங்க ஐயா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னாம்மா, இப்ப மட்டும் சன்னமா பேசுற?" என்று மைக்கிலேயே கேட்டார்.

(இவ்வளவு நல்லவராக ஏன் நடந்துகொள்கிறார், நாளைக் காலை முகூர்த்தத்தில் ஏதாவது திட்டம் வைத்திருக்கிறாரோ என்று உள்ளே ஒரு சந்தேகம் எழுந்தது. அதன் தலையில் ஒரு போடு போட்டு உட்கார வைத்தேன்.)

பிறகு டில்லி தன் ஆர்கெஸ்ட்ராவின் கீபோர்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "வாசிங்க மேடம். சத்தம் வருதான்னு நீங்களே பாத்துக்கோங்க," என்றார். அதில் இருந்த குத்தலுக்கு நான் தகுதியானவள்தான். மாமா தலைத்துண்டை எடுத்துவிட்டு நேரிலேயே பாடினார். பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வந்தார்கள். ஐந்து சகோதரர்களும் ஆடினார்கள். மேடை முனகியது, ஆனால் தாங்கியது.

மறுநாள் முகூர்த்தமும் நல்லபடியாக நடந்தது. வீட்டுக்கு வந்ததும் ஸ்டூடியோவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இடது காதில் கேட்டேன், மியூசிக் இருந்தது. வலது காதிலும் இருந்தது. லேப்டாப்பில் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் பட்டனை அழுத்தினேன். மியூசிக் மாயமானது. மாமாவும் குக்கரும் நானும் மட்டும் இருந்தோம்.

விஷயம் இதுதான். அந்த மிக்சரின் ஒரு ஓட்டையிலிருந்து ஒரே ஒலிதான் இரண்டு கம்பிகளில் வரும். ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. என் இரண்டு வால் கேபிள் நேரான ஒலியை இடது பக்கத்துக்கும் தலைகீழான ஒலியை வலது பக்கத்துக்கும் பங்கு போட்டுக் கொடுத்திருந்தது. ஹெட்போனில் இரண்டும் தனித்தனிக் காதில் விழுவதால் பிரமாதமாக விரிந்து கேட்டது. மண்டபத்து ஸ்பீக்கரில் இரண்டையும் ஒன்றாகக் கலந்ததும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு இரண்டும் செத்தன. மாமாவின் மைக் தனி வழியில் வந்ததால் அது மட்டும் பிழைத்தது; வீட்டில் மியூசிக்குக்கு அடியில் அமுங்கிக் கிடந்த எங்கள் பேச்சும் அதோடு வெளியே வந்தது. நான் டில்லிக்குப் பாட்டை முன்கூட்டியே அனுப்பியிருந்தால் முதல் நொடியிலேயே தெரிந்திருக்கும்.

டில்லியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பேஜாரு பண்ணிட்டீங்க மேடம்," என்று ஆரம்பித்தவர், பிறகு சிரித்துவிட்டு டீ சொன்னார். தேரடிக் கடைக்கும் போனேன். இரண்டு தனிக் கேபிள் கேட்டேன். கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் கொடுத்தார். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

புதுக் கேபிளில் மறுபடி வாசித்து, மாமாவை மறுபடி பாட வைத்து, வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, சுத்தமான பாட்டு ஒன்றைத் தயார் செய்து பவித்ராவுக்கு அனுப்பினேன். இன்றுவரை அதை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் மண்டபத்தில் ஓடிய பாட்டுதான். கல்யாண வீடியோவிலிருந்து அதை வெட்டி எடுத்து இரு குடும்பத்திலும் எல்லோரும் போனில் வைத்திருக்கிறார்கள். காதுகுத்து, வளைகாப்பு, பொங்கல் எதுவானாலும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை ஓடும். "ஆளு சரியில்ல" வரும் இடத்தில் இரு குடும்பமும் கோரஸாகச் சேர்ந்துகொள்ளும். அதிகச் சத்தம் ஏழுமலை பெரியப்பாவுடையதுதான்.

போன வாரம் அவர் போன் செய்தார். அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தமாம்.

"நீதாம்மா பாட்டு போட்டுத் தரணும்."

"கண்டிப்பா பெரியப்பா. எந்த மாதிரி மியூசிக் வேணும்?"

"மியூசிக்லாம் வேணாம்மா," என்றார். "அந்த மாப்ள ஊட்டப் பத்தி நீ இன்னா நெனக்கிறன்னு மட்டும் பேசிக் குடு."