மடியில் உட்கார்ந்த பேட்டரி

இருபத்திரண்டு வயதில் நான் என் வலது கையைக் காதலித்தேன். (இடது கைமேல் அவ்வளவாக இல்லை. அது அரை சென்டிமீட்டர் குறைவு.)

எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டுக் கள்ளக்குறிச்சியில், சோலார் கருவிகள் பொருத்தும் சின்னக் கம்பெனி ஒன்றில் இருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து போனில் வரும் புகார்களை எழுதிக்கொள்ளும் வேலை. மலைக்குப் போய்ப் பொருத்தும் வேலை வேண்டும் என்று கேட்டபோது சூப்பர்வைசர் என் உச்சியிலிருந்து செருப்பு வரை பார்த்தார்.

"அங்க பேட்டரிய யாரும்மா தூக்கறது?"

அன்று மாலையே ஜிம்மில் சேர்ந்தேன். எட்டு மாதம். ஒருநாள் கை, மறுநாள் தோள், அதற்கு மறுநாள் மீண்டும் கை. கால்களுக்கென்றும் ஒரு கிழமை உண்டு. அன்று பெரும்பாலும் எனக்கு வேறு வேலை வந்துவிடும். (சுடிதாருக்குள் இருக்கும் காலை யார் பார்க்கப்போகிறார்கள்?) ஞாயிறுதோறும் தையல் டேப்பால் கையை அளந்து நோட்டில் குறிப்பேன். கரும்பு வெட்டப் போய்விட்டு வந்து சுவரில் சாய்ந்திருக்கும் அம்மா, "இன்னாடி, கைக்குத் தனியா ஜாக்கெட் தெக்கப் போறியா?" என்பாள்.

கடைசியில் சூப்பர்வைசர் இறங்கிவந்தார். "ஒரு தபா பாப்போம். முடிச்சிட்டு வந்தா மல வேல உனுக்கு. இல்லன்னா போனு, நாற்காலி. அதுக்கப்புறம் கேக்கக் கூடாது."

கல்வராயன் மலையில் ஜீப் போகும் பாதை முடிந்த பிறகு, அரை மணி நேரம் ஒற்றையடிப் பாதையில் ஏறினால் ஓர் அங்கன்வாடி. பேனலும் ஒயரும் முதல் நாளே போய்விட்டன. பேட்டரிதான் பாக்கி. முழங்கால் வலி என்று சூப்பர்வைசர் ஜீப்பிலேயே தங்கிவிட்டார். அங்கன்வாடியில் சமைக்கும் அலமேலு, ஜீப் நின்ற இடத்திலேயே எங்களுக்காகக் காத்திருந்தாள். என் வயதுதான், என்னில் பாதி உடம்பு. அரிசி மூட்டை ஒன்றைத் தூக்கித் தலையில் வைத்தபடியே சொன்னாள்:

"இத வச்சிட்டு வந்துட்றேன். ரெண்டு பேரா கொம்புல கட்டித் தூக்கிக்கலாம்."

"வேணாங்க. எனக்குப் பழக்கம்தான்" என்று சொல்லி, சட்டைக் கையைச் சற்றே மேலே ஏற்றிக்கொண்டேன்.

என் கணக்கு இப்படி: ஒன்று, பேட்டரி முப்பத்திரண்டு கிலோ. இரண்டு, ஜிம்மில் நான் தூக்குவது நாற்பது. மூன்று, ஆகவே எட்டு கிலோ பலம் உபரி. கணக்கில் விட்டுப்போனவை: மேடு, உருளும் கல், என் செருப்பு. முக்கியமாக, நேரம். நாற்பது கிலோவை நான் எட்டு முறை தூக்குவேன். எட்டும் சேர்ந்து அரை நிமிடம். பிறகு கண்ணாடியில் பார்த்துக்கொள்வேன்.

முழங்கையை மடக்கி, பேட்டரியை மார்போடு அணைத்து, ஜிம்மில் நிற்பதுபோலவே நிமிர்ந்து நடந்தேன். கையின் புடைப்பு அழகாகத் தெரிந்தது, தரை தெரியவில்லை. முதல் திருப்பத்தில் விரல்கள் மரத்தன. இரண்டாவதில் எட்டு மாதமாக விடுப்பிலிருந்த தொடைகள் நடுங்கத் தொடங்கின. மூன்றாவதில் ஒரு கல் உருள, பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். பேட்டரி என் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்தது.

இருபக்கமும் சரிவு. சாய்த்தால் ஆசிட் கொட்டும் என்று டிப்ளமோ சொன்னது. தூக்கு என்றேன், கைகள் கேட்கவில்லை. ஆடோட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார்.

"இன்னாம்மா, மடியில வச்சிக்கினு குந்திகினுகீற?"

"சும்மா, இளைப்பாறுறேங்க."

"அதயும் சேத்தா எளப்பாற வெக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஓர் ஆடு மட்டும் நின்று பேட்டரியை முகர்ந்தது.

போன், நாற்காலி, போன், நாற்காலி என்று என் எதிர்காலம் கண்முன் ஓடிக்கொண்டிருந்தபோது அலமேலு கொம்பும் கயிறுமாக இறங்கிவந்தாள். முதலில் சரிவிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். "பழக்கமெல்லாம் இல்லங்க, என் தப்புதான்" என்றேன். பிறகு பேட்டரியைச் சாயாமல் கொம்பில் கட்டி, அதன் ஒரு முனையை எனக்குத் தந்தாள்.

"கைய வுடு. தோள்ல வாங்கு. நான் கால் வெக்கறப்போ நீயும் வையி."

ஆறு இடத்தில் நின்றோம். ஆறும் எனக்காகத்தான். மேலே போனதும் கம்பிகளை இணைத்துச் சுவிட்சைத் தட்டினேன். மின்விசிறி சுற்றியது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளில் ஒன்று எழுந்து, மேலே பார்த்து, கை தட்டியது. அந்தக் கைக்குத் தசையே இல்லை.

ஜீப்புக்குத் திரும்பியபோது என் உடையெல்லாம் மண். சூப்பர்வைசர் என்னைக் கேட்காமல், கூட வந்த அலமேலுவைக் கேட்டார். "இந்தப் பொண்ணுக்கு மல வேல ஒத்துவருமா?"

அவள் யோசித்துச் சொன்னாள்: "கையில ஒன்னியும் இல்ல சார். ஆனா தப்பு பண்ணா ஒத்துக்குது, சொன்னா கேக்குது. இதயே அனுப்புங்க."

எனக்குக் கிடைத்த முதல் நற்சான்று அதுதான். மலை வேலையும் கிடைத்தது. ஜிம்மை விடவில்லை, இப்போது மணல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறேன். இதிலெல்லாம் உடம்பு ஷேப்புக்கு வராதே என்று மாஸ்டருக்கு வருத்தம். கொம்பின் மறுமுனையைப் பிடிக்க யார் வருகிறார்கள் என்று கேட்காமல் நான் ஜீப்பில் ஏறுவதில்லை.

வீட்டில்தான் மன்னிப்பே கிடையாது. போன மாதம் தம்பிக்குக் குழந்தை பிறந்தது. மருத்துவமனையில் அதை என் மடியில் வைக்க அவன் மனைவி தயங்கினாள். அம்மா சொன்னாள்:

"பயப்படாம குடும்மா. கீழ வுட மாட்டா. மடியில ஒன்னு வந்துட்டா எறக்கத் தெரியாது அவளுக்கு."