சகலை இறக்கிய பிரஷர்

வைத்தியம் படித்தவர்கள் ஒரு ரகம். படிக்காமலே வைத்தியம் பார்ப்பவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தை நீங்கள் தேடிப் போகவே வேண்டாம். "எனக்குக் கொஞ்சம் பிரஷர் இருக்காம்" என்று வாய்தவறிச் சொல்லிப் பாருங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிடுவார்.

எங்கள் தெருத் தையல்காரருக்கு இப்படி ஒருவர் சகலையாக வாய்த்தார். தையல்காரர் பிரஷருக்குச் சாப்பிடும் மாத்திரை அட்டையைக் கண்டதுமே முகத்தைச் சுளித்தார்.

"இதெல்லாம் சூடு, சகல. பச்சைப் பூண்டை நசுக்கி வெறும் வயித்துல முழுங்குங்க. எங்க பெரியப்பா கடைசி வரைக்கும் அதான் சாப்பிட்டார்."

"பெரியப்பா எதுல போனார்?"

"பிரஷர்லதான். அது வேற விஷயம்."

தையல்காரர் உறவுக்காரர் பேச்சைத் தட்டத் தெரியாதவர். மாத்திரையை நிறுத்தவும் பயம், பூண்டைத் தள்ளவும் பயம், இரண்டையும் விழுங்கினார். சேதி அவருடைய அக்கா காதுக்கு எட்டியது. "ஆமா, பொண்டாட்டி வீட்டுப் பூண்டுன்னா இனிக்கத்தான் செய்யும்" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே, செம்பருத்திப் பூக் கஷாயத்தை பிளாஸ்க் நிறையக் கொண்டுவந்து வைத்தார். அதைக் குடிக்காவிட்டால் அக்காவுக்கு அவமானம், பூண்டை நிறுத்தினால் சகலைக்கு அவமானம். ஓடுவது அவருடைய ரத்தம்தான் என்றாலும், அதன் அழுத்தம் இரண்டு குடும்பங்களின் மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

விளைவு? ஒருநாள் அளவெடுக்கக் குனிந்தவர் வாடிக்கையாளரின் காலடியிலேயே சுருண்டு விழுந்தார். தன் இடுப்பளவைப் பார்த்துத்தான் மயங்கிவிட்டார் என்று அந்த மனிதர், பாவம், வெட்கப்பட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "மாத்திரை தவிர வேற ஏதாவது சாப்பிடறீங்களா?"

சகலை முந்திக்கொண்டார். "டீகூடக் குடிக்க மாட்டார், டாக்டர்."

பார்த்தீர்களா? தெருவெல்லாம் தம்பட்டம் அடிப்பார். சொல்லவேண்டிய ஒரே ஆளிடம் மூச்சு விடமாட்டார். கூடப் போயிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவேளை, தையல்காரருக்கு உயிர்ப்பயம் வந்து உறவுப்பயம் போய்விட்டது.

"பூண்டு, டாக்டர்! அப்புறம் எங்க அக்கா கஷாயம்!" என்று கத்தியேவிட்டார்.

"அப்படிச் சொல்லுங்க! மாத்திரையோட இதெல்லாம் சேர்ந்து பிரஷர் கன்னாபின்னான்னு இறங்கியிருக்கு. உயிருக்கே ஆபத்து. இன்னிக்கே நிறுத்துங்க."

வெளியே வந்ததும் சகலை தையல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கேட்டீங்களா சகல? இறங்கியிருக்காம்! டாக்டர் வாயாலயே வந்துடுச்சு!"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்: மேலே பூண்டு என்று படித்த இடத்தில், 'பச்சையா எதுக்கு? பால்ல வேகவெச்சுக் குடுத்திருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா?