சிறுத்தை பரஞ்சோதி ஜிம்மில் சேர்ந்த கதை

ஒரு காட்டில் ஓடத் தெரியாத மிருகமே கிடையாது. அந்தக் காட்டில்தான் ஓடச் சொல்லிக்கொடுக்க ஒரு ஜிம் திறந்தார்கள்.

திறந்தவன் கதிரேசன் என்ற கீரி. கொஞ்ச காலம் டவுனில் இருந்துவிட்டு வந்தவன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பான். எல்லோரும் அவனை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். டிரெட்மில், சைக்கிள், துடுப்பு வலிக்கிற மெஷின், படியேறுகிற மெஷின் என்று வரிசையாக நிறுத்தி, 'உள்ளே யாரும் யாரையும் சாப்பிடக் கூடாது' என்று சுவரில் எழுதியும் வைத்திருந்தான்.

அந்தக் காட்டில் பரஞ்சோதி என்று ஒரு சிறுத்தை. வயதாகிவிட்டது. மானைத் துரத்தினால் பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. வீட்டில் பட்டினி.

"நேத்து ஒரு முயல் ஓடிப் போய், உங்களைக் காணோமேன்னு நின்னு திரும்பிப் பாத்துச்சு. நானே பாத்தேன்" என்றாள் மனைவி குழலி. "எனக்கே வெக்கமாப் போச்சு."

மறுநாள் காலையிலேயே பரஞ்சோதி ஜிம்மில் போய்ச் சேர்ந்தான். மாஸ்டர் அவனை டிரெட்மில்லில் ஏற்றிவிட்டான். பரஞ்சோதி ஓடினான், ஓடினான், நாக்கு வெளியே தொங்கும்வரை ஓடினான். எதிரே இருந்த சுவர் கிட்டே வரவே இல்லை.

"இவ்வளவு ஓடியும் ஒண்ணும் சிக்கலையே, மாஸ்டர்?"

"இது பிடிக்கிறதுக்கு இல்லண்ணே, எரிக்கிறதுக்கு."

"எதை?"

"கொழுப்பை."

பரஞ்சோதி குனிந்து தன் விலா எலும்புகளைப் பார்த்துக்கொண்டான். "அது இருந்தா நான் எதுக்குப்பா இங்க வரேன்?"

பக்கத்தில் அவனை யாரும் சட்டை செய்யவில்லை. அங்கே பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. டிரெட்மில்லுக்கு ஈடு இணை கிடையாது என்றார் கடமான் அருணகிரி. அது முட்டியைத் தின்றுவிடும், சைக்கிள்தான் உத்தமம் என்றது காட்டுப்பன்றி. துடுப்பு வலித்தால் உடம்பு முழுக்க வேலை செய்யும் என்று ஒரு காட்டெருமை கத்தியது. ஒருவர் மெஷினை இன்னொருவர் கேவலமாகப் பேசிக்கொண்டே, ஒருவரைவிட ஒருவர் அதிக நேரம் செய்தார்கள்.

பரஞ்சோதியால் முடியவில்லை. வெளியே வந்து வாசலில் படுத்து இளைத்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அருணகிரி வியர்வை வழிய வெளியே வந்தார். சிறுத்தையைப் பார்த்ததும் பாய்ந்து ஓடப் பார்த்தார். நான்கு கால்களும் நான்கு பக்கம் இழுத்தன. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் தம்பி" என்றார். "இன்னும் கூல் டவுன் முடியல."

பரஞ்சோதிக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இதுவரை எந்த மானும் அவனிடம் நின்று பேசியதில்லை. மரியாதைக்கு அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுத்தான். அதற்குமேல் கொடுக்கவில்லை.

அடுத்த நாள் ஜிம்மில் இரங்கல் கூட்டம். இனி இதை மூடிவிடுவார்கள் என்று பரஞ்சோதி புதருக்குப் பின்னால் கவலையோடு ஒளிந்து கேட்டான்.

"அப்பவே சொன்னேனே, டிரெட்மில் முட்டியைத் தின்னுடும்னு!" என்றது காட்டுப்பன்றி.

முட்டியை மட்டும் இல்லை என்று சொல்லப் பரஞ்சோதிக்கு வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டான்.

கூட்டம் மொத்தமும் சைக்கிளுக்கு மாறியது. அந்த வாரம் காட்டுப்பன்றி தொடை மரத்துப்போய், வாசலைத் தாண்டியதும் நடக்க முடியாமல் நின்றது. உடனே எல்லோரும் சைக்கிளைத் திட்டிவிட்டுத் துடுப்புக்குப் போனார்கள். சாருமதி என்ற புள்ளிமான் மட்டும், "ஜிம் பக்கமே வராத என் தங்கச்சி நல்லாத்தானே இருக்கா?" என்று கேட்டாள்.

"அவளுக்கு ஸ்டாமினாவே கிடையாது!" என்று எல்லோரும் அவள்மேல் பாய்ந்தார்கள். இப்படிப்பட்ட சோம்பேறிகளால்தான் காடு கெட்டுப்போகிறது என்று சொல்லி, சாருமதியை ஜிம்மை விட்டே துரத்தினார்கள்.

பரஞ்சோதியின் வீட்டிலும் இதே பேச்சுதான். "துடுப்புக்காரங்க தோள் ஒரே நார்" என்றாள் குழலி. "டிரெட்மில்னா மெத்துன்னு இருக்கு. சைக்கிள்ல தொடை மட்டும் நல்லாருக்கு."

சில மாதங்களில் பரஞ்சோதியின் தோல் பளபளத்தது. கழுத்து தடித்தது. ஒருநாள் மாஸ்டர் அவனைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டான். செத்துப்போனவர்களைப் பற்றி விசாரிக்க அல்ல. படம் எடுக்க வந்திருந்தான்.

ஜிம்மில் சேர்ந்த அன்று அடையாள அட்டைக்கு எடுத்த எலும்பும் தோலுமான படத்தையும், இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வாசலில் மாட்டினான். கூட்டம் அலைமோதியது. சிறுத்தைக்கே இப்படி என்றால் நமக்கு எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டு புதிதாகப் பலர் சேர்ந்தார்கள்.

கொழுகொழுவென்று ஒரு கேளையாடு பரஞ்சோதியிடமே நேரில் வந்து பணிவாகக் கேட்டது. "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. எந்த மெஷின் உங்களுக்கு நல்லா ஒத்துக்கிச்சு?"

பரஞ்சோதி பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். யோசித்துப் பதில் சொன்னான். "எல்லாமே ஒத்துக்கிச்சும்மா. அந்தப் படியேறுற மெஷினை மட்டும் இன்னும் பாக்கல."

கேளையாடு நன்றி சொல்லிவிட்டு, நேரே போய் அதில் ஏறிக்கொண்டது.

நீதி: எந்த மெஷினில் வியர்த்தாலும் பலன் நிச்சயம், அது யார் உடம்பில் போய் ஒட்டும் என்பதைச் சேருவதற்கு முன் விசாரித்துக்கொள்ளவும்.