மேனேஜர் நாற்காலியில் பத்து நாள்

பெரியநாயக்கன்பாளையம்,
வெள்ளிக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மருமகன் ஜேக்குக்கு மாமா ஞானமுத்து எழுதிக்கொள்வது. இங்கே அவருடைய கிருபையால் அனைவரும் சுகம், இடையில் சீக்கான நாற்பது பம்புகள் உட்பட. முதுகு ஆபரேஷன் ஆன ஆள் போனில் தொழில் பேசக்கூடாது என்று உன் மனைவி லின்சி போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் இந்தக் கடிதம்.

ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏறும்போது ஒரு கேள்வி கேட்டாய். "டெய்சிய மேனேஜர் ஆக்கலாம்னு நெனைக்கறேன் மாமா. ஆனா பொம்பள சொன்னா ஆளுக கேப்பாங்களா? பத்து நாள் என் சேர்ல உக்காந்து பாத்துச் சொல்லுங்க." பதினோரு வருடமாக உன் பம்புக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவளைப் பற்றி, பம்புக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்றே தெரியாத ரிட்டயர்டு வாத்தியாரிடம் கேட்டாயே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நாள் டெய்சி வேலையாகச் சோமனூர் போயிருந்தாள். நான் ஸ்டோரைப் பார்த்தேன். ஒரே தட்டில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமாம், பெரிய இம்பெல்லர், பக்கத்தில் பொடி நட்டு, அதற்கடுத்து ஒரு நடுத்தர வாஷர். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளைப் பிரேயருக்கு நிறுத்தியவன் கண்ணுக்கு இது பொறுக்குமா? குட்டையானதெல்லாம் முன்னால், உயரமானதெல்லாம் பின்னால் என்று மூன்று பேரை விட்டு அடுக்கச் சொன்னேன். மெதுவாகச் செய்தவனை ஒரு சத்தமும் போட்டேன். டர்னர் வேலுமணி, என் பழைய மாணவன், "சார் அன்னைக்கு மாதிரியே கண்டிப்பானவருங்க" என்று பூரித்துப் போனான். ஒவ்வொரு தட்டும் ஒரு மாடல் பம்புக்கானது, டெய்சி பார்த்துப் பார்த்து அடுக்கியது என்று ஒருவனும் வாய் திறக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த வெள்ளைச் சட்டைக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டார்கள். விளைவு, ஒரு மாடல் பம்புக்குள் இன்னொரு மாடலின் இம்பெல்லர். அப்படி நாற்பது பம்பு, மறுநாள் லாரியும் ஏறிவிட்டது.

சோமனூரிலிருந்து திரும்பி ஸ்டோர் தட்டுகளைப் பார்த்த டெய்சி லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "எறக்குங்க எல்லாத்தையும்! ஒண்ணுகூட கேட்டைத் தாண்டப்படாது!"

வேலுமணி என் காதருகே வந்தான். "அந்தம்மாவுக்குக் கோவம் ஜாஸ்திங்க சார். பொம்பளைகளுக்கு எங்கீங்க பொறுமை?"

நான் தப்பான காரியத்துக்குக் கத்தினேன், அது கண்டிப்பு. அவள் நாற்பது பம்பைக் காப்பாற்றக் கத்தினாள், அது கோபம். இதை இவன் எங்கே படித்தான் என்று யோசித்துப் பார்த்தேன் கண்ணு. என்னிடம்தான். எட்டாம் வகுப்பு ஏ பிரிவில் வேலுமணியை லீடராகப் போட்டவன் நான். தகுதி? உயரமாக இருந்தான். அதே வகுப்பில் முதல் ரேங்க் டெய்சி. அவளுக்கு நான் கொடுத்த பொறுப்பு டஸ்டர் தட்டுவதும் என் மேஜையில் பூ வைப்பதும். நான் ஸ்டாஃப் ரூமில் டீ குடித்தபோதெல்லாம் வகுப்பைச் சத்தமில்லாமல் வைத்திருந்தவளும் அவள்தான். வருடக் கடைசியில் ரேங்க் கார்டில் அவளுக்கு 'அதிகம் பேசுகிறாள்' என்று எழுதினேன். அவனுக்கு 'தலைமைப் பண்பு உண்டு'.

மூன்றே நாளில் நாற்பதையும் பிரித்து மாட்டிவிட்டார்கள். பத்து ஆட்களும் அவள் சொன்னபடிதான் செய்தார்கள், வேலுமணி உட்பட. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க சார். நீங்க சேர்லயே உக்காந்திருங்க, எந்திரிச்சு ஸ்டோர்ப் பக்கம் மட்டும் வந்துராதீங்க" என்றாள்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில், டெய்சியை இன்றைக்கே மேனேஜராகப் போடு. உன் முதுகையும் புத்தியையும் கர்த்தர் ஒருசேர நிமிர்த்துவாராக. லின்சிக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
மாமா ஞானமுத்து.

பி.கு: கவரை ஒட்டப் போகையில் டெய்சி ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்றாள். கணபதியில் ஒரு கம்பெனியில் மேனேஜர் வேலையாம், ஒன்றாம் தேதி சேர வேண்டுமாம். "இங்கயே குடுக்கலாம்னு ஜேக் யோசிச்சிட்டிருக்கானே அம்மணி" என்றேன். "அவரு பதினோரு வருசமா யோசிக்கறாருங்க சார். அங்க ஒரு மோட்டாரைக் குடுத்துக் கழட்டிக் காட்டச் சொன்னாங்க. கழட்டி மாட்டுனேன், முடிஞ்சு போச்சுங்க" என்றாள். எனவே மேலே நான் எழுதிய சிபாரிசை அடித்துவிடு. இனி ஒரு பெண்ணைப் பற்றி ஏதாவது சொல்ல வாயெடுத்தால், அவள் பெயர் இருக்கும் இடத்தில் உன் பெயரை வைத்து, 'ஜேக் சொன்னா ஆளுக கேப்பாங்களா?' என்பது போல ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்.