முகம் பொருந்தவில்லை

“முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்.”

அலுவலக வாசலில் இருந்த வருகைப்பதிவு மெஷின் இதை மரியாதையாகத்தான் சொன்னது. ஆனால் ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப மரியாதையாகச் சொன்னால் அதற்குப் பேர் அவமானம். கணக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பொருந்தவில்லை. மாட்டினார். பொருந்தவில்லை. போனால் போகிறதென்று ஒரு தடவை சிரித்தும் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“இத்தனை வருஷமா இதே மூஞ்சிதானே! உனக்கு என்ன வந்துச்சு?” என்று மெஷினைப் பார்த்துக் கத்தினார்.

அது அவ்வளவு உண்மையில்லை. இத்தனை வருஷமாக இருந்த மூஞ்சி, அன்று காலையில் காப்பி குடிக்கும்போதுதான் பறிபோயிருந்தது.

அவர் மகள் அழகுக்கலை படிக்கிறாள். மறுநாள் ஒப்பனைச் செய்முறைத் தேர்வு. வட்ட முகத்துக்கு அம்மாவை உட்கார வைத்துப் பழகியாகிவிட்டது. நீள முகத்துக்குப் பக்கத்து வீட்டு அத்தை வந்து போனாள். சதுர முகம்தான் கிடைக்கவில்லை.

“ஊரெல்லாம் எதுக்குடி தேடற? உங்கப்பாவைப் பாரு. அட்டைப்பெட்டிக்கு மூக்கு வச்ச மாதிரி இருக்காரு” என்று அம்மா வழிகாட்டினாள்.

“ஆபீஸ் போகணும்மா” என்று கணக்கர் எழுந்தார். மகள் தோளைப் பிடித்து அமுக்கிவிட்டாள்.

“ஆடாதீங்கப்பா. தாடை மூலை ரெண்டுலயும், நெத்தி மூலை ரெண்டுலயும் பழுப்பைத் தேச்சா மூலையெல்லாம் உள்ள போயிடும். நடு நெத்தி, மூக்குத்தண்டு, மோவாய் இதுக்கெல்லாம் வெளிர் கலர். பாக்கறவங்க கண்ணு நடுவுலயே நிக்கும். புருவத்தைக் கொஞ்சம் வளைச்சு விட்டா சதுரம் முட்டை வடிவமாயிடும்.”

“என்னைப் பாத்து நாலு பேரு சிரிக்கப்போறாங்க.”

“போட்டதே தெரியாதுப்பா. அதான் இதுல கெட்டிக்காரத்தனமே.”

நிஜமாகவே தெரியவில்லை. கண்ணாடியில் இளைத்துப்போன, நிறையப் படித்தவர் மாதிரி ஒருவர் நின்றார். கணக்கருக்கு அவரைப் பிடித்துவிட்டது. இப்படித் திரும்பி, அப்படித் திரும்பி, ரசித்துக்கொண்டே நின்றதில் நேரம் போயே போய்விட்டது.

“சரி, கழுவி விடு.”

“கழுவினா போகாதுப்பா. கல்யாணப் பொண்ணு அழுதாக்கூடக் கலையாத அயிட்டம். அழிக்கற தைலத்தை கிளாஸ்லயே வச்சுட்டு வந்துட்டேன்” என்றாள் மகள், ரொம்பச் சாவகாசமாக.

மற்ற நாளாக இருந்தால் கணக்கர் லீவு போட்டிருப்பார். ஆனால் அன்று சாயங்காலம்தான் மேற்பார்வையாளர் பதவி யாருக்கு என்று முடிவாக இருந்தது. போட்டியில் இருந்தது இரண்டே பேர்: கணக்கரும் காசாளரும். காசாளர் வயதில் சின்னவன். இவரை வாய் நிறைய “என்ன பெரியவரே” என்று கூப்பிடுகிறவன். மேனேஜர் தீர்த்துச் சொல்லியிருந்தார்: “வேலையில ரெண்டு பேரும் சமம். இந்த மாசம் யாரு லேட்டே ஆகலையோ, அவருக்குத்தான் பதவி.” இதுவரை இரண்டு பேருமே ஆகவில்லை. மாசத்தில் மிச்சமிருந்தது இந்த ஒரு நாள்தான். ஒன்பதரைக்குள் உள்ளே போகாவிட்டால், ஓய்வு பெறும் வரை அந்தப் “பெரியவரே”யைக் கேட்டுக்கொண்டு அவனுக்குக் கீழே வேலை பார்க்க வேண்டியதுதான்.

அலுவலக வாசலில் நின்றபடியே கணக்கர் மகளுக்குப் போன் போட்டார்.

“மெஷின் என்னைச் சேத்துக்க மாட்டேங்குது!”

“ஐ! அவ்வளவு நல்லா வந்திருக்கா?”

“அடியே, ஒம்பதரை ஆகப்போகுது. முட்டையைத் திரும்பச் சதுரமாக்கறதுக்கு வழி சொல்லு!”

“போட்டதைத் தலைகீழாப் போடணும்ப்பா. தாடை மூலையில வெளிர் கலர் வையுங்க, மூலை வெளிய வந்துடும். மோவாய்ல கறுப்பை ஏத்துங்க.”

எதிரே பெட்டிக்கடையில் வெளிர் கலர் என்று இருந்தது குழந்தைகளுக்குப் போடும் பவுடர் ஒன்றுதான். தன் பைக் கண்ணாடியில் பார்த்துத் தாடையின் இரண்டு பக்கமும் அப்பினார். கறுப்புக்கு என்ன செய்வது? பைக் சங்கிலியைத் தொட்டு மோவாயில் தடவிக்கொண்டார். பதட்டத்தில் மனுஷனுக்கு மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

“முகம் பொருந்தவில்லை” என்றது மெஷின், பாதி முகத்தைக் காட்டும்போதே.

அந்த நேரம் பார்த்து டீக்காரர் வந்தார். கையில் தூக்கு, தலையில் ஹெல்மெட். முகமென்று வெளியே தெரிந்தது மீசையின் கால்வாசி. மெஷின் முன்னால் அரை நொடி நின்றார்.

“வணக்கம். நன்றி” என்றது மெஷின். பச்சை விளக்கு. கதவு திறந்தது.

“யோவ்! நீ எப்படிய்யா உள்ள போன?”

“நடந்துதான்” என்று டீக்காரர் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மறைந்தார். கணக்கர் பின்னாலேயே பாய்ந்தார். ஒரு ஆள் நுழைந்ததும் பட்டென்று மூடிக்கொள்கிற கதவு அது. நெற்றியில் இடித்ததுதான் மிச்சம். அங்கேயும் இப்போது ஒரு சிவப்பு.

“யாரு சார் வேணும்?” என்று பின்னால் குரல் கேட்டது. வரவேற்பறையில் உட்காருகிற பெண்.

“நான்தாம்மா, கணக்கர்!”

“அட, குரல் உங்களுது! மூஞ்சி யாரோடது சார்?”

அவர் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். நல்ல பெண். கேட்டுவிட்டுக் கைப்பையைத் திறந்தாள்.

“புருவத்தை வளைச்சு விட்டிருக்காங்களே, அதான் கோளாறு. உங்களுக்கு நேர்க்கோடால்ல இருக்கும்? நில்லுங்க.” மைப்பென்சிலை எடுத்து இழுத்தாள். இடது புருவம் கொஞ்சம் நீண்டது. சமமாக்க வலதை நீட்டினாள். அது இன்னும் நீண்டது. கடைசியில் இரண்டும் மூக்குக்கு மேலே சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டன.

“எப்படியிருக்கு?” என்றார் கணக்கர், பயந்துகொண்டே.

“நீங்க கண்ணாடி பாக்காதீங்க சார். நான் உள்ள போய் வாட்ச்மேனைக் கூட்டிட்டு வரேன்.”

அவளுக்குப் பச்சை விளக்கு உடனே எரிந்தது. கணக்கர் கடைசி நம்பிக்கையாக முகத்தை மெஷினுக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோய் இரண்டு கண்ணையும் அகலத் திறந்தார். உள்ளே யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் மெஷின் பச்சையும் காட்டவில்லை, சிவப்பும் காட்டவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டது.

“திட்டறதாவது திட்டேன்!” என்று கெஞ்சினார். அழுகையே வந்துவிட்டது. அழுதார். மகள் சொன்னது சரிதான், ஒரு துளி கலையவில்லை. ஒன்பதரை அடித்தது.

கதவு திறந்தது. கையில் ஓங்கிய குடையோடு மேனேஜர் நின்றார்.

“எவன்டா அது வேஷம் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கறது?”

“சார், அடிச்சுடாதீங்க! அது நம்ம கணக்கர்!” என்று பின்னாலிருந்து வரவேற்பறைப் பெண் கூவினாள். “வாட்ச்மேனைத் தேடினேன் சார், ஆளையே காணோம்!”

மேனேஜர் குடையை இறக்கினார். ஒட்டிய புருவத்தையும், வெள்ளைத் தாடையையும், கறுத்த மோவாயையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“வீட்ல ஏதாவது பிரச்சினையா?”

“இல்ல சார், பொண்ணுக்குப் பரீட்சை. நான் ஒம்பதரைக்கு முன்னாடியே வந்துட்டேன் சார், சத்தியமா! மெஷின்தான் என்னைத் தெரியாதுங்குது!”

“இதோ பாருங்க. என் கண்ணையே நான் நம்பறதில்ல. உங்க வாயை எப்படி நம்பறது? இதை வாங்கி வச்சதே அதுக்குத்தான். மெஷினுக்கு வேண்டியவன், வேண்டாதவன் கிடையாது. சாயங்காலம் மெஷின் யாரை நேரத்துக்கு வந்தார்னு சொல்லுதோ, அவருக்குத்தான் பதவி. நானே நேர்ல பாத்திருந்தாலும் சரி, அது சொல்றதுதான் முடிவு. போய் மூஞ்சியைக் கழுவுங்க.”

காசாளர் வழியில் நின்றான். “என்ன பெரியவரே, நாடகமா? சாயங்காலம் ஸ்வீட் வாங்கிடட்டுமா?” என்றான்.

கணக்கர் அவனை விலக்கிக்கொண்டு நடந்தார். கழிப்பறைக்குள் போய், வரவேற்பறைப் பெண் தன் மேஜையிலிருந்து எடுத்துக் கொடுத்த கோல்டு கிரீமை அள்ளித் தேய்த்தார். பழுப்பு வந்தது, பவுடர் வந்தது, சங்கிலி எண்ணெய் வந்தது. மெல்ல மெல்ல அவருடைய சொந்தச் சதுரம் நாலு மூலையோடு வெளியே வந்தது. அதைப் பார்க்க அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

“பாழாப்போன மெஷின்! ஹெல்மெட்டைத் தெரியுது, என்னைத் தெரியலையே! நல்லா இருப்பியா நீ?” என்று வாய்விட்டுப் புலம்பினார்.

பின்னால் கதவு மெதுவாகத் திறந்தது. வாட்ச்மேன் தலையை மட்டும் நீட்டினார். கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அய்யய்யோ, காலையிலிருந்து வாசல்ல நின்னது நீங்களா சார்?”

“நான்தான்! ஏன், உனக்கும் அடையாளம் தெரியலையா?”

வாட்ச்மேன் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளையும் போட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மெஷினைத் திட்டாதீங்க சார், பாவம், நான் ஈரத்துணியால துடைச்ச அன்னைக்கே அது செத்துப்போச்சு, அதுலேர்ந்து உள்ள கேமரா டிவியில ஆளைப் பாத்துப் பாத்து பச்சை, சிவப்பு பட்டன் அமுக்கறதும், டைம் ஏத்தறதும் நான்தான்… உங்களுக்கு எத்தனை மணின்னு போடட்டும், சொல்லுங்க?”