பதிமூன்று ஜோக்கர்கள்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் சீட்டாட்ட மன்றத்தின் மாடிப்படியில் கால் வைக்க இடமிருக்காது. படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், வாங்கிய பட்டத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியவர்கள், எல்லாரும் முண்டியடிப்பார்கள். ஏனென்றால் மேலே மணி ஞானி வந்திருக்கிறார்! அவர் மணியடித்தால் சீட்டு தேவதை இறங்குவாள். எந்தச் சீட்டைப் போடலாம் என்று அவர் காதில் ஓதுவாள். உலகத்தில் போரும் பஞ்சமும் கிடக்க, அவளுக்கு வந்து வாய்த்த வேலை இது.

கூட்டத்தில் முதல் ஆளாக நின்றவர் பல் டாக்டர். சொத்தைப் பல்லை ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார். சொத்தை ஆசாமியைக் கண்டுபிடிக்கத்தான் வராது.

டாக்டருக்கு ஒரு தீராத வியாதி இருந்தது. பெயர், நோ டிரம்ப். பிரிட்ஜ் ஆட்டத்தில் நான்கு பேர். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு கட்சி. ஒரு சுற்றை ஜெயித்தால் ஒரு பிடி. "துருப்பே வேண்டாம், இத்தனை பிடி எடுத்துக் காட்டுகிறோம்" என்று ஒரு கட்சி சவால் விட்டால் அதுதான் நோ டிரம்ப். அதில் ஸ்பேடு, ஹார்ட்டின், டைமன், கிளாவர் நான்கும் சமம். ஒன்றின் தலையில் ஒன்று ஏறி மிதிக்க முடியாது. (மனிதர்களுக்கு இன்னும் பிடிபடாத ஆட்டம்!) தடுக்கிற கட்சிதான் முதல் சீட்டை இறக்க வேண்டும், எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே. அந்த முதல் சீட்டில் டாக்டர் வாராவாரம் கோட்டை விட்டார்.

அவருடைய கூட்டாளி அவர் மனைவியேதான். சுங்க அதிகாரி. பெட்டியைத் திறக்கச் சொல்லியே பழகியவர்.

"ஏங்க, கையில எது நீளமா இருக்கோ அதுலயே இறங்குங்க. பெருசுலேருந்து எண்ணி நாலாவது சீட்டு. விடாம அதையே அடிச்சா, கடைசியில நம்ம துக்கடா சீட்டுகூட பிடி எடுக்கும்" என்பார்.

அதற்கு யோசிக்க வேண்டும், பொறுக்க வேண்டும். மணியடிப்பது சுலபமாயிற்றே!

ஞானியின் முறை இதுதான். முதலில் காணிக்கை. சவால் முடிந்ததும் நான்கு பேரும் சீட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூட வேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்களும்தான். தேவதைக்குக் கூச்சம் அதிகமாம். ஞானியும் கண்ணை மூடிக்கொண்டு, மணியை ஆட்டியபடி மேசையை ஒரு சுற்றுச் சுற்றுவார். பிறகு, "ஹார்ட்டின்ல இறங்கு!" என்பார். இறங்கினால் எதிராளி அவுட்! எதிராளியும் வாயைத் திறப்பதில்லை. நாளைக்குத் தனக்கும் அருள் வேண்டுமே.

முதல் நாளே சுங்க அதிகாரி கேட்டுவிட்டார்: "நாங்க கண்ணை மூடுறது சரி. தேவதை உங்க காதுலதானே பேசுறா? நீங்க எதுக்கு எங்க முதுகுப் பக்கமா நடக்கறீங்க?"

ஞானி ஒரு கணம் தியானித்தார். "இந்தம்மா பார்வையில அனல் இருக்கு. டாக்டரே, இவங்க எதிர்ல உட்கார்ந்தா உங்களுக்கு ஜென்மத்துக்கும் ஜெயம் கிடையாது."

அவ்வளவுதான். கல்யாணமான நாள்முதல் எதிரே உட்கார்ந்த மனைவியை விட்டுவிட்டு, டாக்டர் மறுவாரமே கண்ணாடிக் கடைக்காரரைக் கூட்டாளியாக்கிக்கொண்டார். வீட்டில் பேச்சு நின்றது. "உப்பு எங்கம்மா?" என்று கேட்டால், "தேவதையைக் கேளுங்க" என்று பதில் வரும். டாக்டர் உப்பில்லாமலே சாப்பிட்டார். ஜெயித்துக்கொண்டும் இருந்தார். ஆனால் ஜெயித்த கதையைச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

இதற்கிடையில் மன்றத்தின் மாடி அறையை ஞானிக்கே எழுதிக்கொடுப்பது என்று செயலாளர் முடிவு செய்தார். கையெழுத்துப் போடும் நாளில் சுங்க அதிகாரி ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்து நின்றார்.

"தாராளமா குடுங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆட்டம். நானும் செயலாளரும் ஒரு பக்கம். எங்க வீட்டுக்காரரும் கண்ணாடிக் கடைக்காரரும் ஒரு பக்கம். ஞானி மணியடிக்கட்டும்."

ஞானி புன்னகைத்தார். புன்னகைக்கத் தனிக் காணிக்கை கிடையாது.

சீட்டுப் போட்டார்கள். சுங்க அதிகாரி மூன்று நோ டிரம்ப் கேட்டார். அதாவது பதிமூன்று பிடியில் ஒன்பது எடுக்க வேண்டும். முதலில் இறக்க வேண்டியவர் டாக்டர். எல்லாரும் கண்ணை மூடினார்கள். மணி கிணுகிணுவென்று கிளம்பியது. டாக்டர் முதுகைத் தாண்டியது, செயலாளரைத் தாண்டியது, கண்ணாடிக் கடைக்காரரைத் தாண்டியது, சுங்க அதிகாரியின் பின்னால் போய்ச் சட்டென்று நின்றது.

"அடப்பாவி! பதிமூணும் ஜோக்கரா இருக்கே!"

அலறியது தேவதை இல்லை. ஞானி.

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். சுங்க அதிகாரியின் கையில் பதிமூன்று ஜோக்கர்கள் விசிறியாக விரிந்து பல்லை இளித்தன. மன்றத்து அலமாரியில் கட்டுக்கு இரண்டாகச் சும்மா கிடந்தவை.

"கண்ணை மூடியிருந்தீங்களே ஞானி, எப்படித் தெரிஞ்சுது?" என்றார் அவர்.

"தேவதை... தேவதை சொன்னா!"

"ரொம்ப நல்லது. என்னோட நிஜச் சீட்டு இந்த பிஸ்கட் டப்பாவுக்குள்ள இருக்கு. நீங்க எல்லாரும் கண்ணை மூடினப்ப போட்டு மூடிட்டேன். அதுல என்ன இருக்குன்னும் அவளையே கேட்டுச் சொல்லிடுங்க."

ஞானி மணியை ஆட்டினார். டப்பாவைச் சுற்றினார். குனிந்து பார்த்தார். டப்பா தகர டப்பா. வியர்வை மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"கிளாவர்! கிளாவர்ல அந்தம்மாகிட்ட ஒண்ணுமே இல்ல. டாக்டரே, கிளாவர்ல இறங்குங்க!"

டாக்டர் தன் சீட்டைப் பார்த்தார். ஸ்பேடுகள் ஐந்து வரிசையாக நின்றன: ராஜா, ஜாக்கி, எட்டு, ஆறு, மூன்று. கிளாவர் இரண்டே இரண்டு. அத்தனை வாரத்தில் முதல் தடவையாக அவர் சொந்தமாக யோசித்தார். பழக்கமில்லாததால் லேசாகத் தலை வலித்தது. பெருசுலேருந்து எண்ணினார். நாலாவது, ஆறு. ஸ்பேடு ஆறை மேசையில் போட்டார்.

"தேவகுத்தம்!" என்றார் ஞானி.

"சும்மா இருய்யா" என்றார் டாக்டர்.

சுங்க அதிகாரி டப்பாவைத் திறந்தார். கிளாவரில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி என்று ஒரு அரண்மனையே உள்ளே இருந்தது! கூட்டம் ஞானியைத் திரும்பிப் பார்த்தது. அவர் படியைப் பார்த்தார்.

ஆட்டம் நடந்தது. கண்ணாடிக் கடைக்காரர் ஸ்பேடு ராணியால் பிடி எடுத்து, அதிலேயே திருப்பிப் போட்டார். சுங்க அதிகாரி இரண்டு சுற்று விட்டுப்பிடித்து, மூன்றாவதில்தான் ஏஸைப் போட்டார். டாக்டர் பொறுமையாக டைமன் ஏஸை வைத்துக்கொண்டு காத்திருந்தார். டைமன் வந்ததும் லபக்கென்று பிடித்தார். மிச்சமிருந்த இரண்டு துக்கடா ஸ்பேடுகளையும் டப்டப்பென்று இறக்கினார். தடுத்தவர்களுக்கு ஐந்து பிடி. சுங்க அதிகாரிக்கு எட்டே எட்டு. தோற்றுவிட்டார்!

தோற்ற முகத்தில் அவ்வளவு சிரிப்பை அந்த மன்றம் பார்த்ததில்லை.

"அடேங்கப்பா, மண்டைக்குள்ள சரக்கு இருக்குது போலிருக்கே!"

"நீ சொல்லிக்குடுத்ததுதான்" என்றார் டாக்டர், மேசையைப் பார்த்தபடி. "அடுத்த வாரம் எதிர்ல வந்து உட்காருவியா?"

"உட்காருறேன். உப்பு, அலமாரியில மேல் தட்டுல இருக்கு."

ஞானி எப்போது இறங்கிப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. இறங்கும்போது மட்டும் அவர் மணியடிக்கவில்லை.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் செயலாளர் சுங்க அதிகாரியின் பக்கத்தில் வந்து குசுகுசுத்தார்: "அம்மா, அந்த பிஸ்கட் டப்பாவை மன்றத்துக்குக் குடுத்துடுங்களேன். அந்த ஆளு ஃபிராடுதான், ஒத்துக்கறேன். ஆனா தேவதை இப்ப இதுக்குள்ள இறங்கியிருப்பாளோன்னு ஒரு நம்பிக்கை."

அவருக்குப் பின்னால், டப்பாவைத் தொட்டுக் கும்பிட ஏழெட்டுப் பேர் அதற்குள் வரிசை கட்டிவிட்டார்கள்.

சுங்க அதிகாரி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். நாலு பிஸ்கட் தூள் விழுந்தது.

"நல்லாப் பாருங்க. உள்ள காத்துதான் இருக்கு. அதே காத்து உங்க தலைக்குள்ளயும் இருக்கறவரைக்கும், மணியோட ஒருத்தன் படியேறி வந்துகிட்டேதான் இருப்பான்."

யோசிப்பதற்கு யாரும் காணிக்கை கேட்பதில்லை, நண்பர்களே. அதனால்தான் அதற்கு இத்தனை மதிப்புக் குறைவு போலும்.